எந்த ஆட்டத்துக்குக் கொடுத்த குடம்?

போன மாதம் என் மகளின் பேட்மிண்டன் கோச் என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர், அவர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. "சார், பாப்பாவுக்குக் கை நல்லா வருது. ஆனா ஓட்டத்தையும் எறிபந்தையும் விட்ரச் சொல்லுங்க. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு இருந்தா ஒண்ணும் ஆகாது" என்றார். மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்காக 400 மீட்டர் ஓடுகிறாள், எறிபந்து அணியிலும் இருக்கிறாள், மாலையில் பேட்மிண்டன். ஞாயிற்றுக்கிழமை தெருவில் பையன்களோடு கிரிக்கெட். அது கோச்சுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "எலிஸ் பெர்ரி 16 வயசுல ஆஸ்திரேலியாவுக்குக் கிரிக்கெட்டும் ஆடினா, ஃபுட்பாலும் ஆடினா, தெரியுமாப்பா?" என்றாள். எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன், உண்மைதான். 2007இல் ஒரே மாதத்துக்குள் இரண்டு ஆட்டங்களிலும் நாட்டு அணிக்கு அறிமுகம். 2011 கால்பந்து உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராகக் கோல் போட்டிருக்கிறார். பிறகு அவருடைய கால்பந்துக் கிளப், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்று நெருக்கியதும் வேறு கிளப்புக்குப் போய்விட்டார். மகளிடம் இந்தக் கடைசி விவரத்தைச் சொன்னதுதான் நான் செய்த தப்பு. "அப்போ நாமளும் வேற கோச் பாக்கலாம்" என்றாள்.

சரி, இதற்கெல்லாம் ஒரே ஆள் மாமாதான் என்று அடுத்த ஞாயிறு சிவதாபுரத்துக்குக் கிளம்பினோம்.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சேலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: கொலுசு ஒரே இடத்தில் முழுதாக உருவாகிற சரக்கு இல்லை. ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் சலங்கை, வேறொரு வீட்டில் பற்றவைப்பு, கடைசியில் மெருகு. ஆளுக்கு ஒரு வேலை, ஆயுள் முழுக்க அதே வேலை. மாமா அதிலேயே அடங்காத ஆள். எல்லா வேலையும் கற்றுக்கொண்டு, யார் லீவு போட்டாலும் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். ஆனால் எதிலும் அவர்தான் முதல் கை என்று யாரும் சொன்னதில்லை. அத்தை இதை ஒரு குறையாகத்தான் சொல்வார்.

மைதானத்திலும் அப்படித்தான். எண்பதுகளில் இந்தப் பக்கத்தில் எந்த ஊர் ராத்திரி வாலிபால் போட்டி என்றாலும் மாமா இருப்பார். லைட்டைக் கட்டி, கோட்டைச் சுண்ணாம்பால் போட்டு, விடிய விடிய நடக்கும். கபடியில் பாடிப் போவார். பள்ளிக்கூடத்தில் ஹர்டில்ஸ். ஹாக்கி மட்டையை இரவல் வாங்கி இரண்டு வருடம் ஆடியிருக்கிறார். வழுக்குமரம் ஏறியிருக்கிறார், அதை விளையாட்டில் சேர்க்க மாட்டேன் என்கிறார், எனக்கு அதில் உடன்பாடில்லை. விடியற்காலையில் சைக்கிளை ஏற்காடு அடிவாரத்தில் போட்டுவிட்டு மலை ரோட்டில் மேலே ஓடுவார். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனை வரை ஓடினார் என்பது சொல்லும் நாளைப் பொறுத்து மாறும். சில நாள் ஐந்து, நல்ல மனநிலையில் இருந்தால் பதினொன்று. முழுக்க ஓடி ஏரிக்கரையில் போய் நின்றதாகச் சொன்னது ஒரே ஒரு முறை, அதுவும் கல்யாண வீட்டில், அத்தை பக்கத்தில் இல்லாதபோது.

நாங்கள் போனபோது மாமா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கோச் சொன்னதைக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மகளைப் பார்த்து, "உனக்கு எம்.ஜே. கோபாலன் தெரியுமா கண்ணு?" என்றார்.

இந்தக் கதையை நான் குறைந்தது இருபது தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த முறைதான் அதைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியது, சரிபார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

மொரப்பாக்கம் ஜோய்சம் என்று விரித்தெல்லாம் அவரை யாரும் கூப்பிட்டதில்லை, எம்.ஜே. கோபாலன்தான். பிறந்தது 1909, செங்கல்பட்டுப் பக்கம். வளர்ந்தது சென்னை திருவல்லிக்கேணி. வேகப்பந்து வீசுவார், பின்வரிசையில் வந்து அடித்தும் ஆடுவார். ஹாக்கியும் அதே அளவுக்கு. சென்னை கிரிக்கெட்டின் அந்தக் காலத்து ஆங்கிலேயர் சி.பி. ஜான்ஸ்டன் கண்ணில் பட்டு, பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. விளையாட்டால் வேலை கிடைப்பது நம் காலத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் தொடங்கியது இல்லை.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டினின் இங்கிலாந்து அணிக்கு எதிராக ஒரு டெஸ்ட். அதே வருடம் நவம்பர் 4, சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் ஆட்டம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அது, முதல் பந்தைப் போட்டவர் கோபாலன். அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. மைசூர் 48க்கும் 59க்கும் சுருண்டது, நடுவில் சென்னை அடித்தது 130. ஏ.ஜி. ராம்சிங் மட்டும் 11 விக்கெட் எடுத்தார். ஆக, முதல் பந்து கோபாலனுடையது, ஆட்டம் ராம்சிங்குடையது. கோபாலன் வாழ்க்கையில் இது கொஞ்சம் அடிக்கடி நடக்கிறது.

அடுத்த வருடம், 1935, இந்திய ஹாக்கி அணியோடு நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பயணம். தயான் சந்த் இருந்த அணி. மொத்தம் 48 ஆட்டங்கள், எல்லாவற்றிலும் வெற்றி. தயான் சந்த் மட்டும் 201 கோல். இதைப் படித்தபோது, அந்த அணியில் மற்றவர்களுக்குப் பந்து கிடைத்ததா என்றுதான் முதலில் யோசித்தேன்.

இப்போது 1936க்கு வருவோம். ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக்ஸ். கோடை முழுக்க இந்தியக் கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணம். இரண்டிலும் ஆடக்கூடிய ஆள் கோபாலன். இரண்டுக்கும் போக முடியாது. ஒலிம்பிக் அணிக்கான தேர்வை விட்டுவிட்டுக் கிரிக்கெட்டுக்குக் கப்பல் ஏறினார்.

பெர்லினில் ஆகஸ்ட் 15ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கம் வாங்கியது. இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்ட்களில் ஒன்றில்கூடக் கோபாலனை எடுக்கவில்லை.

மாமா இந்த இடத்தில் எப்போதும் கையை விரித்துக் காட்டி நிறுத்துவார். "இங்கிலாந்துல அவருக்கு ஒரு பந்து போடக்கூடக் குடுக்கல, மாப்ள" என்பார். அது தப்பு. கவுண்டி அணிகளோடு நடந்த ஆட்டங்களில் ஆடினார், டெஸ்டில்தான் இடமில்லை. நான் இதைச் சொன்னபோது மாமாவுக்குப் பிடிக்கவில்லை. நாற்பது வருடமாகச் சொல்லிவரும் கதையில் கை வைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்.

கோபாலனைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த இடத்தில் வந்து நின்று உச்சுக்கொட்டுகிறார்கள். தவறான முடிவு, தங்கத்தைத் தவறவிட்டார், இப்படி. எனக்கு அது பிடிக்கவில்லை. முடிவெடுத்த நாளில் அவர் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். 1936 கோடைக்கு முன்னால் இந்தியா மொத்தமாகவே ஆடியிருந்த டெஸ்ட்கள் நான்கு. 1932இல் லார்ட்ஸில் ஒன்று, 1933-34இல் உள்ளூரில் மூன்று. அந்த நான்கில் ஒன்றில் இவர் ஆடியிருக்கிறார். இந்தப் பயணத்தில் இன்னும் மூன்று. லார்ட்ஸ், மான்செஸ்டர், ஓவல். அடுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, பத்து வருடம் கழித்துத்தான் இந்திய அணி மறுபடி டெஸ்ட் ஆட இங்கிலாந்து போனது. ஹாக்கியிலோ முந்தின வருடம்தான் 48 ஆட்டம் போய் வந்திருக்கிறார். ஹாக்கியில் இந்தியாவுக்கு 1928இலும் 1932இலும் தங்கம் வந்தாகிவிட்டது, இவர் இல்லாவிட்டாலும் வரும், வந்தது. எனக்கு அந்த வயதில் அந்த இரண்டு வாய்ப்புகளும் வந்திருந்தால் நானும் கிரிக்கெட்டுக்குத்தான் போயிருப்பேன். ஸ்கோரைத் தெரிந்துகொண்டபின் உச்சுக்கொட்டுவது சுலபம்.

அந்தப் பயணமே ஒரு கூத்து. கேப்டன் விஜயநகரம் மகாராஜ்குமார், விஸ்ஸி. பணமும் செல்வாக்கும் இருந்தன, ஆட்டம் அந்த அளவுக்கு இல்லை. பயணத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட அணியில் பதினோரு பேரில் ஒருவராக வர என்ன தகுதி வேண்டும் என்பதை இங்கிருந்து நாம் அளக்க முடியாது.

இதில் மாமாவின் கதையில் வராத ஒரு ஆளும் இருக்கிறார். நானாகப் படித்துக் கண்டுபிடித்தது, அதனால் எனக்குக் கொஞ்சம் பெருமை. அதே பயணத்தில், அதே சென்னையிலிருந்து இன்னொரு இரட்டை ஆட்டக்காரர். கோட்டா ராமசாமி. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சிபாபு நாயுடுவின் மகன், 1896இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, டென்னிஸில் பெயர் வாங்கி, 1922இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை ஆடியவர். இடதுகை பேட்ஸ்மேன். 1936இல் அவருக்கு வயது 40. அந்த வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட்! 40, 60. அடுத்து ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. அத்தோடு சரி. இரண்டு டெஸ்ட், 170 ரன், சராசரி 56.66.

இளமையும் வேகமும் இருந்த கோபாலன் வெளியே உட்கார்ந்திருக்க, டென்னிஸை முடித்துவிட்டு வந்த நாற்பது வயதுக்காரர் உள்ளே போய் ஆடினார். இதை என்னவென்று சொல்வது? ராமசாமிக்கு வாழ்க்கை இரண்டு ஆட்டங்களையும் வேறு வேறு தேதிகளில் கொடுத்தது, நடுவில் 14 வருடம். கோபாலனுக்கு இரண்டையும் ஒரே கோடையில் கொடுத்தது. திறமை, உழைப்பு எல்லாம் அப்புறம், முதலில் காலண்டர்.

ராமசாமியின் முடிவு வேறு மாதிரி. 1985 அக்டோபர் 15, வயது 89, சென்னையில் வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. கிரிக்கெட் புள்ளிவிவரப் பக்கங்களில் இறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில், இறந்ததாகக் கருதப்படுகிறார் என்றுதான் போட்டிருக்கிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, மாமா ஏன் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார் என்பதைச் சொல்கிறேன். பிளஸ் டூ படித்த வருடம், மாவட்டத் தடகளப் போட்டியில் ஹர்டில்ஸ் இறுதியும், திருச்சியில் ஒரு வாலிபால் போட்டியும் ஒரே நாளில் வந்தன. டிரில் மாஸ்டர் கூப்பிட்டு, "நீயே சொல்லு, எதுக்குப் போற?" என்று கேட்டிருக்கிறார். மாமா வாலிபால் என்றார். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, கூட ஐந்து கூட்டாளிகள் பஸ் ஏறுகிறார்கள், ஹர்டில்ஸுக்குத் தனியாகப் போக வேண்டும். திருச்சியில் அவரை ரிசர்வில் வைத்தார்கள். மூன்று ஆட்டம், மூன்றிலும் பெஞ்ச். இங்கே ஹர்டில்ஸில் முதலாவது வந்தது மாமாவிடம் எப்போதும் தோற்கிற பையன். அவன் மாநிலப் போட்டி வரை போய், அப்புறம் அந்தச் சான்றிதழிலேயே போலீஸ் வேலைக்கும் போய்விட்டான்.

திரும்பி வரும்போது நாமக்கல்லில் பஸ் நின்றிருக்கிறது. மாமா டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நிற்க, டிரில் மாஸ்டர் பக்கத்தில் வந்து கோபாலன் கதையைச் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, குத்திக்காட்டச் சொன்னாரா என்று மாமாவுக்கு இன்றுவரை தெரியவில்லை. "டீ ஆறிப்போச்சு. அது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றார்.

மகள் கேட்டாள்: "அந்தக் கோபாலன் அப்புறம் ஹாக்கிய விட்டுட்டாரா?" நல்ல கேள்விதான். அடுத்த இரண்டு ஒலிம்பிக்ஸும், 1940, 1944, போரால் நடக்கவே இல்லை. மறுபடி டெஸ்டும் அவருக்கு வரவில்லை. ஆனால் சென்னைக்காக 1950களின் தொடக்கம் வரை ரஞ்சி ஆடிக்கொண்டிருந்தார், நாற்பது வயது தாண்டியும். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஒரு கிரிக்கெட் போட்டி ஆரம்பித்தபோது அதற்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்தார்கள். ஆடிக்கொண்டிருந்த தலைமுறை கண்முன்னாலேயே அவர் பெயரில் ஒரு கோப்பை. 2003 டிசம்பரில் 94 வயதில் இறந்தபோது, உலகத்தில் உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் அவர்தான் மூத்தவர். இப்படி ஒரு ஆளைத் தங்கத்தைத் தவறவிட்டவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

மாமா இதைக் கேட்டுவிட்டு, "நம்ம மாரியப்பனும் வாலிபால்காரன்தானே" என்றார். சேலத்தில் மாரியப்பன் தங்கவேலுவைத் தன் ஆள் என்று சொல்லாதவர் கிடையாது, மாமா அதற்கு வாலிபால் வழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஓமலூர்ப் பக்கம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும்போது பஸ் சக்கரம் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. பள்ளியில் ஆடியது வாலிபால், அவர் எகிறுவதைப் பார்த்து உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டுதலுக்குத் திருப்பிவிட்டார். 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். "ஸ்மாஷ் அடிக்க எகிறுறவனுக்குத்தான் கட்டையைத் தாண்டத் தெரியும்" என்பது மாமாவின் வாதம். உடல் சாஸ்திரம் இதை அப்படியே ஒத்துக்கொள்ளாது. ஸ்மாஷுக்கு இரண்டு காலில் எம்புகிறோம், உயரம் தாண்டுவதற்கு ஒரே காலில். ஆனாலும் ஒரு ஆட்டம் இன்னொரு ஆட்டத்துக்கு உடம்பைத் தயார் செய்துவைக்கிறது என்பதில் மாமா தப்பில்லை. கோச்சுகள் இதை ஏன் மறந்துபோகிறார்கள் என்று தெரியவில்லை.

மகளுக்கு நான் இன்னொரு பெயரும் சொன்னேன், பேப் டிட்ரிக்சன் என்ற அமெரிக்கப் பெண். 1932இல் அமெரிக்கத் தடகளப் போட்டிக்குத் தன் கம்பெனி சார்பில் தனி ஆளாகப் போய் இறங்கினார், அணியில் வேறு யாரும் கிடையாது. முடிவில் அணிகளுக்கான பட்டியலில் முதலிடம்: அவர் 30 புள்ளி, இரண்டாவது வந்த அணி 22 ஆட்களோடு வந்து 22 புள்ளி. அதே வருடம் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் ஈட்டியிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம், உயரத்தில் வெள்ளி. அப்புறம் கோல்ஃப் பக்கம் போய் அதிலும் பெரிய ஆளாகி, புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்த அடுத்த வருடமே, 1954இல், அமெரிக்க மகளிர் ஓபனை வென்றார்.

"இது நம்ம பொங்கல் விளையாட்டு விழா மாதிரி இருக்கே" என்றார் அத்தை, உள்ளேயிருந்து. பிறகு தட்டுவடை செட்டோடு வெளியே வந்தார். மகளுக்குக் காரம் தாங்காது, தண்ணீர் கேட்டாள். அத்தை எவர்சில்வர் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார்.

அந்தக் குடம் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இருக்கிறது. மாமா பரிசாக வாங்கியவை சோப்பு டப்பாவிலிருந்து டிபன் கேரியர் வரை ஒரு மூட்டை தேறும், பாதியைப் பெரிய மகளுக்குச் சீரோடு கொடுத்துவிட்டார்கள். குடம் மட்டும் போகவில்லை. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருக்கும். மகள் குனிந்து, கையால் தடவிப் படித்தாள். முதல் பரிசு. கீழே வருடம். அவ்வளவுதான்.

"எந்த ஆட்டத்துக்குத் தாத்தா?"

மாமா யோசித்தார். கபடி என்றார். அப்புறம் இல்லை, அந்த வருடம் கபடியில் விழுந்து கை பிசகியது, வாலிபாலாக இருக்கும் என்றார். அத்தை, "அது ஸ்லோ சைக்கிள் ரேஸுக்குக் குடுத்தது. நான் அந்த விழாவுல இருந்தேன், எனக்கா தெரியாது" என்றார். மாமா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஸ்லோ சைக்கிளுக்கெல்லாம் குடம் கொடுக்க மாட்டார்கள், டம்ளர்தான் கொடுப்பார்கள் என்று சத்தம் போட்டார். அரை மணி நேரம் இதுதான் ஓடியது.

கிளம்பும்போது நான்தான் விஷயத்துக்கு வந்தேன். "கோச்சுக்கு என்ன சொல்றது மாமா?"

"அடுத்து என்னென்னைக்கு என்ன போட்டி?" என்றார். மகள் போனில் பார்த்துச் சொன்னாள். மாமா சுவரில் இருந்த மாதக் காலண்டரை எட்டி எடுத்து, பட்டறைக் கணக்கு எழுதுகிற சிவப்பு பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் போட்டார். எறிபந்து 9. பேட்மிண்டன் 16, 17. ஓட்டம் 24. ஒன்றும் மோதவில்லை.

"இந்த மாசம் எல்லாத்துக்கும் போ கண்ணு" என்று காலண்டரைத் திருப்பி ஆணியில் மாட்டினார். அடுத்த மாதத் தாளைத் தூக்கிப் பார்க்கப் போனவர், பார்க்காமலே விட்டுவிட்டார்.